தவறிய அன்றே ஜெபிக்கலாம்: பலவீனத்தோடு தேவனிடம் சேர ஒரு முழு வழிகாட்டி

ஜெபத்தை விட்டுவிடுகிற விசுவாசிகளில் பலர் விசுவாசத்தை இழந்தவர்கள் இல்லை, வெட்கப்பட்டு ஒதுங்கியவர்கள். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் கத்தித் தீர்த்தவர், இனித் தொடமாட்டேன் என்று சொன்ன குடியை மறுபடியும் தொட்டவர், போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்தவர். தேவன் இருக்கிறாரா என்ற சந்தேகம் இவர்களுக்குக் கிடையாது. "இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி அவர் முன்னால் போய் நிற்பேன்" என்பதுதான் இவர்களுடைய கேள்வி. கொஞ்சம் சரியானதும் ஜெபிக்கலாம் என்று ஒரு நாள் தள்ளுகிறார்கள். ஒரு நாள் ஒரு வாரமாகிறது. குடும்ப ஜெபத்தில் வாய் மட்டும் அசைகிறது. திருவிருந்து ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்லி ஆலயத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

பார்வைக்கு இது தாழ்மை போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் சரியானால்தான் உள்ளே போக முடியும் என்றால், கதவைத் திறப்பது என் ஒழுக்கம் என்று ஆகிவிடுகிறது. சிலுவைக்கு அங்கே வேலையே இல்லை. எபிரெயருக்கு எழுதின நிருபம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. "ஆதலால், நாம் இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபையை அடையவும், தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" (எபிரெயர் 4:16). தவறு செய்யாதவனுக்கு இரக்கம் எதற்கு? அந்த வசனம் கூப்பிடுவதே கையில் குற்றத்தோடு நிற்கிறவனைத்தான். அந்தப் பகுதியையே, அதாவது 4:14 முதல் 16 வரை, துணையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். பக்கத்தில் வேதாகமம் இருந்தால் நல்லது.

தொடங்கும் முன்: எந்தப் பலவீனம் என்று பாருங்கள்

எல்லாப் பலவீனத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. பாவத்தில் விழுவது ஒன்று. உடம்பு ஓய்ந்து, கண்ணை மூடினால் தூக்கம் வருவது வேறு. மனம் வறண்டு வார்த்தையே வராதது வேறு. "உண்மையிலேயே கேட்கிறாரா" என்ற சந்தேகம் இன்னொன்று. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, களைப்புக்கு மன்னிப்புக் கேட்டு அழுகிற நல்ல விசுவாசிகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாய், விடியற்கால ஜெபத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்கிறாள்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவன் அவனைக் கண்டிக்கவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். இரண்டாம் தரமும் தூதன் வந்து சாப்பிடச் சொல்கிறான். பேச்செல்லாம் அதற்கப்புறம், ஓரேப் மலையில்தான். உங்களுடையது இப்படிப்பட்ட ஓய்ச்சல் என்றால் சாப்பிடுங்கள், தூங்குங்கள், படுத்தபடியே ஒரு வரி ஜெபியுங்கள். "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" (சங்கீதம் 103:14). துக்கம் வாரக்கணக்கில் நீங்காமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஜெபமும் கூடவே நடக்கட்டும்.

இனி வருவது பெரும்பாலும் விழுந்தவருக்காக.

முதல் படி: எதை நம்பி உள்ளே போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். தைரியம் என்றால் என்ன என்று புரிய, ஒரு காலத்தில் உள்ளே போவது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

லேவியராகமம் 16-ஐத் திறவுங்கள். ஆரோனின் இரண்டு மகன்கள் கர்த்தருடைய சந்நிதியில் செத்துப்போன பிறகு கொடுக்கப்பட்ட கட்டளை அது. ஆசரிப்புக் கூடாரத்தில் மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைக்கு உட்புறத்தில் சகல வேளையிலும் வரக்கூடாது என்று தொடங்குகிறது. வருஷத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி. ஒரே ஒரு ஆள், பிரதான ஆசாரியன். அன்று அவன் தண்ணீரில் குளித்து, சணல்நூல் அங்கியும் சணல்நூல் பாகையும் அணிந்துகொள்வான். ஜனங்களுக்காக எதுவும் செய்வதற்கு முன்னால் தன் சொந்தப் பாவத்துக்காக ஒரு காளையைக் கொல்வான். பிறகு பலிபீடத்து நெருப்புத்தணல் நிறைந்த தூபகலசத்தையும், இரண்டு கை நிறைய பொடியாக்கின வாசனைத் தூபவர்க்கத்தையும் எடுத்துக்கொண்டு திரைக்குள் போவான். உள்ளே போனதும் தூபத்தைத் தணலில் போட வேண்டும். அந்தப் புகை எழும்பிக் கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை, மூட வேண்டும். எதற்கு? அவன் சாகாமல் இருப்பதற்கு. அப்படியே எழுதியிருக்கிறது. பிறகு இரத்தத்தை விரலில் தொட்டு ஏழுதரம் தெளிக்க வேண்டும். அவன் உள்ளே இருக்கும் நேரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தில் வேறு ஒருவரும் இருக்கக் கூடாது.

அந்த நாள் வெளியே நின்ற சாதாரண இஸ்ரவேலனை யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை. எவ்வளவு பக்திமானாக இருந்தாலும், அந்த வருஷம் ஒரு தவறும் செய்யாவிட்டாலும் அவனுக்கு உள்ளே இடமில்லை. நல்லவனாக இருந்து திறந்துகொள்ளும் கதவாக அது எப்போதுமே இருந்ததில்லை.

இயேசு ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது என்கிறார் மத்தேயு (27:51). மேலிருந்து கிழிந்தது என்பதை மனதில் வையுங்கள். எபிரெயர் 10:19 அதைப் பிடித்துக்கொண்டு, இயேசுவின் இரத்தத்தினாலே பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்க நமக்குத் தைரியம் உண்டாயிருக்கிறது என்கிறது. நம் ஜெபத்தின் தைரியம் நமக்குள் இருக்கும் ஓர் உணர்ச்சி இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். முழங்கால் நடுங்கிக்கொண்டே, குரல் கம்மிக்கொண்டே ஒருவர் தைரியமாய்ச் சேரலாம். போகலாம் என்ற அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பிக் காலை எடுத்து வைப்பதுதான் வேதம் சொல்லும் தைரியம்.

எஸ்தரின் கதை நமக்கு நன்றாகத் தெரியும். அழைக்கப்படாமல் ராஜாவின் உள்முற்றத்தில் போகிறவர்களுக்குச் சாவு. ராஜா பொற்செங்கோலை நீட்டினால்தான் பிழைக்கலாம். ராஜஸ்திரீயே என்றாலும் அவளுக்கும் அதே சட்டம்தான். முப்பது நாளாக அவளுக்கு அழைப்பு வரவில்லை. நமக்கோ அழைப்பு ஏற்கனவே எழுத்தில் இருக்கிறது: "சேரக்கடவோம்."

இந்தப் படியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜெபிக்க உட்கார்ந்ததும் உங்கள் நாளைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். எபிரெயர் 4:14–16-ஐச் சத்தமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு, "ஆண்டவரே, இயேசுவின் நாமத்தில் வருகிறேன், வேறே எதையும் கொண்டு வரவில்லை" என்று சொல்லுங்கள். "இயேசுவின் நாமத்தில்" என்பதை ஜெபத்தின் கடைசியில் பழக்கத்தால் சொல்லி முடிக்கிறோம். விழுந்த நாளில் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: யாரிடம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள்

"நம்முடைய பலவீனங்களைக்குறித்துப் பரிதபிக்கக்கூடாத பிரதான ஆசாரியர் நமக்கிராமல், எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற பிரதான ஆசாரியரே நமக்கிருக்கிறார்" (4:15).

அவர் பாவமே செய்யவில்லையே, என் போராட்டம் அவருக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். நாம் பத்து நிமிஷத்தில் விட்டுக்கொடுத்த சோதனையின் முழுப் பாரமும் நமக்குத் தெரியாது. விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை நின்றவருக்குத்தான் அது தெரியும். எபிரெயர் 5:7 அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் ஜெபித்ததைச் சொல்கிறது.

இங்கே நாம் பேதுருவைப் பார்க்க வேண்டும். லூக்கா 22-ல் அவன் மறுதலிக்கப்போகிறான் என்று இயேசு சொல்லும்போதே, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். விழுவதற்கு முன்னாலேயே ஜெபம் நடந்து முடிந்திருக்கிறது. அதோடு, நீ குணப்பட்ட பின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்துவிடுகிறார். பேதுரு தான் விழவே மாட்டேன் என்று சாதித்துக்கொண்டிருக்கிறான். ஆண்டவரோ அவன் விழுந்து எழுந்த பிறகு செய்ய வேண்டியதைப் பேசிக்கொண்டிருக்கிறார். சேவல் கூவினபோது கர்த்தர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் வெளியே போய் மனங்கசந்து அழுதான்.

உங்கள் நேற்றைய விழுகை அவருக்குப் புதுச் செய்தி இல்லை. நீங்கள் வாய் திறக்கும் முன்பே உங்களுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறவரிடம்தான் பேசப்போகிறீர்கள் (எபிரெயர் 7:25).

மூன்றாம் படி: பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கையிடுங்கள்

"ஆண்டவரே, நான் தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்." இப்படித்தான் நாம் சபையில் ஜெபித்துப் பழகியிருக்கிறோம். பொது ஜெபத்துக்கு அது சரி. விழுந்தவனுக்கு அது போதாது. அந்தப் பெரிய வாக்கியத்துக்குள் நேற்று நடந்தது ஒளிந்துகொள்ளும். லூக்கா 18-ல் ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், தூரத்தில் நின்று, கண்களையும் வானத்துக்கு ஏறெடுக்கத் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." பக்கத்தில் நின்ற பரிசேயனின் ஜெபம் அதைவிட நீளம். நீதிமானாக வீட்டுக்குப் போனவன் ஆயக்காரன்தான்.

ஒரு மாதிரி காட்டுகிறேன், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அப்பா, நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிள்ளைகள் முன்னால் கேவலமாகப் பேசினேன். கோபத்தில் வந்தது என்று சொல்லமாட்டேன். அவள் மனம் புண்படும் என்று தெரிந்தேதான் அந்த வார்த்தையைத் தேடி எடுத்தேன். இது பாவம். உமக்கு விரோதமாகவும் அவளுக்கு விரோதமாகவும் செய்தேன். இயேசுவின் இரத்தத்தினாலே என்னை மன்னியும்."

இதில் இரண்டு விஷயங்கள் இல்லை. வேலை டென்ஷன், சம்பளம் வரவில்லை போன்ற விளக்கங்கள் இல்லை. "இனிமேல் ஒருபோதும் செய்யமாட்டேன்" என்ற சத்தியமும் இல்லை. சத்தியம் செய்தால் மன்னிப்புக்கு நாம் விலை கொடுப்பது போல ஆகிவிடும். அடுத்த முறை விழும்போது பாவத்தோடு உடைந்த சத்தியமும் சேர்ந்து நம்மை ஜெபத்தைவிட்டு இன்னும் தூரத்துக்குத் தள்ளும். செய்யாமல் இருக்கப் பெலன் கேளுங்கள், அது வேறு. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" (1 யோவான் 1:9). நம் சத்தியத்தின் பேரில் மன்னிப்பதாக அங்கே எழுதவில்லை.

அப்படியானால் சங்கீதம் 66:18 இருக்கிறதே என்பீர்கள்: "என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்." இதைப் படித்துப் பயந்து ஜெபத்தை நிறுத்தினவர்கள் உண்டு. அது பேசுவது பாவத்தை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டு, விடும் எண்ணமே இல்லாமல், மேலே மட்டும் பக்தி பேசுகிற இருதயத்தைப் பற்றி. விழுந்து, வெறுத்து, வெளியே வர ஏங்குகிறவனை அல்ல. நாளைக்கும் அதையே செய்யத் திட்டம் போட்டுக்கொண்டு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்றால் அந்த வசனம் உங்களுக்குத்தான். அப்போதும் தப்பும் வழி அறிக்கைதான்: "இதை விட எனக்கு மனமே இல்லை ஆண்டவரே, என் மனதை மாற்றும்" என்பதும் ஜெபமே.

ஒருவருக்கு விரோதமாகச் செய்திருந்தால் ஜெபத்தோடு முடியாது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5:23–24). மனைவியைக் கண்ணியமாக நடத்தாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு எழுதினார் (1 பேதுரு 3:7). அடுப்படிக்குப் போய் "நான் பேசினது தப்பு" என்று சொல்லுங்கள். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கான பெலனையும் அடுத்த படியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: மன்னிப்போடு நிறுத்தாமல் கேளுங்கள்

பலர் இங்கேதான் எழுந்துவிடுகிறார்கள். மன்னிப்புக் கேட்டதே பெரிது, இன்னும் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நினைக்கிறார்கள். எபிரெயர் 4:16-ஐ மறுபடி பாருங்கள். இரக்கம் ஒன்று, ஏற்ற சமயத்தில் சகாயம் செய்யும் கிருபை இன்னொன்று. இரண்டையும் பெறத்தான் வரச் சொல்லியிருக்கிறது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் அன்றாட ஆகாரமும், கடன்களின் மன்னிப்பும், தீமையிலிருந்து இரட்சிப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. மன்னிப்புக் கேட்கிற அதே வாய் அடுத்த வரியில் உதவியும் கேட்கிறது.

கேட்பதை நேரத்தோடும் இடத்தோடும் கேளுங்கள். "குடியிலிருந்து விடுதலை தாரும்" என்பது நல்ல ஜெபம்தான். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால், வீட்டுக்குப் போகும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறது என்று வையுங்கள். அப்போது, "இன்றைக்கு ஆறரை மணிக்கு அந்தத் திருப்பத்தில் என்னோடு நடந்து வாரும். கூட வேலை செய்பவர் கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்ல வாய் தாரும். வேறு வழியாகப் போகும் புத்தி தாரும். சம்பளப் பணத்தை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட நினைப்பூட்டும்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டவருக்குச் சாயங்காலம் அந்தத் திருப்பம் வரும்போது காலையில் பேசினது ஞாபகம் வரும். அந்த இடத்தில் நின்றுகொண்டே இரண்டு வார்த்தை மறுபடி பேசலாம். அதுதான் ஏற்ற சமயம். பல காலமாகக் குடித்து உடம்பு பழகிவிட்டவர் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்தாகலாம். மருத்துவ உதவியையும் அந்தச் சகாயத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வார்த்தை வராதபோது கடன் வாங்குங்கள்

சில நாள் வாய் திறக்காது. "ஆவியானவரும் நமது பலவீனங்களில் நமக்கு உதவிசெய்கிறார்" என்கிறது ரோமர் 8:26. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு அவரே வேண்டுதல் செய்கிறார். அதை நம்பி அமைதியாக இருப்பதும் ஜெபம்தான். ஆனாலும் பெரும்பாலோருக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் விட்டன்பெர்க் ஊரில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு முடிவெட்டின பேத்தர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். 1535-ல் லூத்தர் அவருக்காக ஒரு சிறிய வழிகாட்டி எழுதி அச்சிட்டார். அதில் அவர் சொல்வது நமக்கு அப்படியே பொருந்துகிறது. மனம் குளிர்ந்து, ஜெபத்தில் விருப்பம் இல்லாமல் போகும்போது, தன் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய்ப் பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், நேரம் இருந்தால் சில வசனங்கள் என்று குழந்தைகள் ஒப்பிப்பது போலத் தனக்குள் சொல்லிக்கொள்வாராம். "கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இதை முடிக்க வேண்டும்" என்ற நினைப்பைப் பற்றி அவர் எச்சரிக்கிறார். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி, அதைத் தன் சொந்தத் தேவையோடு சேர்த்து ஜெபிக்கச் சொல்கிறார். எந்த வரியிலாவது மனம் நெருப்புப் பிடித்தால் மற்றதை விட்டுவிட்டு அங்கேயே நிற்கலாம். ஆமென் என்பதையும் முணுமுணுக்காமல், தேவன் கேட்டார் என்று நம்பி உறுதியாகச் சொல்ல வேண்டும் என்கிறார்.

சங்கீதத்தில் எது என்று கேட்டால்: விழுந்த நாளில் 51, 130. கைவிடப்பட்ட நாளில் 13: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" ஒரு வெளிச்சமும் தெரியாத நாளில் 88, அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அப்படியொரு ஜெபத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சந்தேகப்படும் நாளில், பிள்ளைக்காக அழுத தகப்பனின் வரி: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). அந்தப் பாதி விசுவாசத்தோடு கேட்டவருக்கும் பிள்ளை சுகமானது.

மனம் அலைந்தால் அலைந்த இடத்தையே ஜெபமாக்குங்கள். பிள்ளையின் ஸ்கூல் பீஸ் ஞாபகம் வந்தால் அதைப் பற்றியே பேசுங்கள்.

ஆறாம் படி: அதே பாவத்தில் மறுபடி விழுந்தால்

கஷ்டமான இடம் இதுதான். முதல் தடவை விழுந்தவனுக்கு மன்னிப்பை நம்ப முடிகிறது. எத்தனையோ தடவை விழுந்தவனுக்கு, "உனக்கு வெட்கமாக இல்லையா, போன வாரமும் இதைத்தானே சொன்னாய்" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது.

சகரியா 3-ஐ வாசியுங்கள். பிரதான ஆசாரியனாகிய யோசுவா கர்த்தருடைய தூதனுக்கு முன்பாக நிற்கிறான், அழுக்கு வஸ்திரத்தோடு. லேவியராகமத்தில் குளித்துச் சணல்நூல் உடுத்தி வர வேண்டியிருந்த அதே பதவிக்காரன். சாத்தான் அவனுக்கு விரோதம் செய்ய வலதுபக்கத்தில் நிற்கிறான். குற்றச்சாட்டு பொய் என்று சொல்ல வழியில்லை. அழுக்கு எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் கர்த்தர் கடிந்துகொள்வது சாத்தானை: "இவன் அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா." பிறகு அழுக்கு வஸ்திரங்களைக் களைந்துபோடச் சொல்லி, அக்கிரமத்தை நீக்கினேன் என்று சொல்லி, புது வஸ்திரம் உடுத்துவிக்கிறார். தலையில் சுத்தமான பாகையும் வைக்கிறார்கள். இவ்வளவு நடந்து முடியும்வரை யோசுவா ஒரு வார்த்தை பேசவில்லை.

உள்ளே கேட்கும் குரலை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பரிசுத்த ஆவியானவர் கண்டித்துணர்த்தும்போது குறிப்பாகச் சொல்வார்: இதைச் செய்தாய், அறிக்கையிடு, திரும்பு. முகம் தேவன் பக்கம் திரும்பும். குற்றஞ்சாட்டுகிறவனோ பொதுவாகப் பேசுவான்: நீ இப்படித்தான், நீ தேறமாட்டாய், ஜெபித்து என்ன பயன். அது உங்களை முழங்காலிலிருந்து எழுப்பி அனுப்பிவிடும். அந்த நேரத்துக்கு 1 யோவான் 3:20 இருக்கிறது: நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர். ஏழெழுபதுதரமட்டும் மன்னிக்கச் சொன்னவர் நம்மிடம் மட்டும் கணக்குப் பார்ப்பாரா?

திரும்பத் திரும்ப விழுகிறவர் தனியாகப் போராடக் கூடாது. உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்கிறார் யாக்கோபு (5:16). ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களின் கதையை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் கதையையும் சொல்வார். சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஜெபக்குறிப்பாகப் போடுவதும், மேடையில் சாட்சியாகச் சொல்வதும் இதற்கான இடம் இல்லை. வாயைக் கட்டத் தெரிந்த, உங்களைவிடச் சற்று மூத்த, தன்னுடைய பலவீனத்தையும் மறைக்காத ஒரு அண்ணனோ அக்காவோ போதும். "அண்ணே, மறுபடியும் விழுந்துட்டேன்" என்று போனில் சொல்ல முடிகிற ஒருவர்.

அந்த முடிவெட்டுகிற பேத்தருக்கு என்ன ஆனது தெரியுமா? ஜெபத்தைப் பற்றிய அந்தப் புத்தகம் வந்த அதே 1535-ல், ஈஸ்டர் சமயத்தில், தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் மற்றவர்களும் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். உயிர் தப்பியது, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். தேவனிடம் மன்னிப்பு இருப்பது, செய்ததன் விளைவையும் சட்டத்தின் தீர்ப்பையும் துடைத்துவிடாது. உங்கள் காரியம் காவல் நிலையத்திலோ கோர்ட்டிலோ பதில் சொல்ல வேண்டியதானால் அங்கே உண்மையைச் சொல்லுங்கள். அங்கே போகும் வழியிலும் ஜெபிக்கலாம்.

ஏழாம் படி: கேட்டது கிடைக்காவிட்டால்

தைரியமாய்ச் சேருவது, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் என்று சிலர் போதிக்கிறார்கள். அப்படி நம்பினவர்கள், சுகம் வராதபோது தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று மறுபடி பழைய வெட்கத்துக்கே திரும்பிப்போகிறார்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). பவுலின் விசுவாசத்தில் குறை இருந்தது என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கெத்செமனேயில் இயேசுவும் அந்தப் பாத்திரம் நீங்கும்படி மூன்றுதரம் ஜெபித்தார்.

ஆகவே நீண்ட நாள் வியாதியில் இருப்பவர்கள், பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள், விட முடியாத பழக்கத்தோடு போராடுபவர்கள் இரண்டு ஜெபத்தையும் சேர்த்தே செய்யுங்கள். "இதை நீக்கும்" என்று கேளுங்கள், அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். "நீங்கும்வரை இன்றைக்குத் தாங்கும் கிருபை தாரும்" என்றும் கேளுங்கள். இரண்டாவதற்கான பதிலை நாள் முடிவில் கவனித்துப் பாருங்கள்: கோபம் வந்தும் வாயை அடக்கின ஒரு நிமிஷம், வலியிலும் தூக்கம் வந்த இரண்டு மணி நேரம், எதிர்பாராமல் விசாரிக்க வந்த ஒரு ஆள். அதைப் பேர் சொல்லி ஸ்தோத்திரம் செய்யுங்கள். மறுநாள் காலை அதே வேண்டுதலை மறுபடி கொண்டு போங்கள்.